லினக்ஸ் கம்ப்யூட்டரில் நெக்ஸ்ட்கிளவுட்: நிறுவுவதிலிருந்து கழற்றுவது வரை

என் பழைய லேப்டாப்பைத் தம்பிக்குக் கொடுப்பதற்கு முந்தைய நாள், அதில் கொஞ்சம் இடம் ஒழித்துத் தரலாம் என்று பாட்டியின் குரல் பதிவுகள் இருந்த ஃபோல்டரை அழித்தேன். சர்வரில் ஒரு பிரதி இருக்கிறது, வீட்டு டெஸ்க்டாப்பில் இன்னொன்று இருக்கிறது, இங்கே எதற்கு என்று நினைத்தேன். ஐந்து நிமிடம் கழித்து டெஸ்க்டாப்பைத் திறந்தால் அங்கேயும் அந்த ஃபோல்டர் இல்லை. சர்வரிலும் இல்லை. மூன்று இடத்தையும் இணைத்திருந்த நெக்ஸ்ட்கிளவுட் மென்பொருள் எந்தத் தவறும் செய்யவில்லை, ஓர் இடத்தில் நடக்கும் மாற்றத்தை எல்லா இடத்திலும் நடத்துவதுதான் அதன் வேலை, அழிப்பதும் ஒரு மாற்றம்தான். சர்வரின் குப்பைக்கூடையில் இருந்ததால் பதிவுகள் திரும்பக் கிடைத்தன.

அதனால் இந்த வழிகாட்டியை எப்படி நிறுவுவது என்பதோடு நிறுத்தப் போவதில்லை. நிறுவுவது பத்து நிமிட வேலை. எதை சிங்க் செய்வது, அதாவது எல்லா இடத்திலும் ஒரேமாதிரி வைப்பது, எங்கே வைப்பது, வேண்டாததை எப்படி விலக்குவது, கடைசியில் ஒரு கம்ப்யூட்டரை எப்படிப் பிரித்தெடுப்பது, இதெல்லாம்தான் வருடக்கணக்கில் கூட வருபவை.

நான் லினக்ஸ் மின்ட் பயன்படுத்துகிறேன், உபுண்டுவிலும் கிட்டத்தட்ட இதே வழிதான். ஃபெடோரா (இன்னொரு வகை லினக்ஸ்), கேடிஇ (இன்னொரு வகை டெஸ்க்டாப்) பயனர்களுக்கு எங்கே வேறுபடுமோ அங்கே சொல்கிறேன்.

ஏன் நெக்ஸ்ட்கிளவுட்?

கூகுள் டிரைவுக்கு விண்டோஸிலும் மேக்கிலும் கூகுளே தரும் மென்பொருள் இருக்கிறது, லினக்ஸுக்கு இல்லை. ஜினோம் டெஸ்க்டாப்பின் ஆன்லைன் அக்கவுண்ட்ஸ் வழியாக அதை ஃபைல் மேனேஜரில் காட்ட முடியும், ஆனால் அங்கே தெரிவது ஒரு ஜன்னல் மட்டும். ஒவ்வொரு ஃபைலும் திறக்கும்போதுதான் இணையத்திலிருந்து வரும், நெட் போனால் ஃபைலும் போச்சு. ஆர்குளோன் என்ற கட்டற்ற கருவி இருக்கிறது, மிக வலிமையானது, கூகுள் டிரைவ் உள்பட பல சேவைகளோடு பேசும், ஆனால் அது டெர்மினலில் பழகியவர்களுக்கானது. டிராப்பாக்ஸுக்கு லினக்ஸ் மென்பொருள் உண்டு. இலவசக் கணக்கில் 2 ஜிபி. 2018 நவம்பரில் அவர்கள் லினக்ஸில் வழக்கமான எக்ஸ்ட்4 தவிர மற்ற டிஸ்க் வடிவங்களுக்கான ஆதரவை நிறுத்தினார்கள், 2019 ஜூலையில் எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்றவற்றுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். இடைப்பட்ட மாதங்களில் அந்த டிஸ்க்குகளை வைத்திருந்தவர்கள் என்ன செய்வது?

உபுண்டு ஒன் நினைவிருக்கிறதா? உபுண்டுவை உருவாக்கும் கனோனிகல் நிறுவனம் நடத்திய சேவை, 5 ஜிபி இலவசம், உபுண்டுவோடு அவ்வளவு அழகாகப் பொருந்தியிருந்தது. 2014 ஏப்ரலில் மூடுகிறோம் என்று அறிவித்தார்கள், ஜூன் 1-ஆம் தேதி நின்றுவிட்டது, ஃபைல்களை எடுத்துக்கொள்ள ஜூலை முடியும் வரை அவகாசம். கெடு கொடுத்து ஒழுங்காகத்தான் மூடினார்கள். ஆனாலும் சேவையும் மென்பொருளும் ஒரே கையில் இருந்தால், அந்தக் கை மூடும்போது இரண்டும் சேர்ந்து போகும் என்பது அன்றைக்குப் புரிந்தது.

நெக்ஸ்ட்கிளவுடில் இவை இரண்டும் தனித்தனி. ஃபிராங்க் கார்லிட்செக் 2010-இல் தொடங்கிய ஓன்கிளவுட் என்ற இதே வகை மென்பொருளிலிருந்து அவரே தன் குழுவோடு 2016 ஜூனில் பிரிந்து வந்து ஆரம்பித்தது இது, நிறுவனம் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறது. சர்வர் மென்பொருள், டெஸ்க்டாப் மென்பொருள் இரண்டுமே கட்டற்றவை. இன்று ஒரு நிறுவனத்திடம் கணக்கு வைத்திருக்கிறீர்கள், நாளை பிடிக்கவில்லை என்றால் வேறொருவரிடம் போகலாம், அல்லது வீட்டிலேயே ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளலாம். லேப்டாப்பில் இருக்கும் மென்பொருள் அதேதான், சர்வர் முகவரி மட்டும் மாறும்.

முதலில் கணக்கு

டெஸ்க்டாப் மென்பொருள் பாதி வண்டி மட்டுமே. மறுபாதியான சர்வர் எங்கேயாவது இருக்க வேண்டும். மாதக் கட்டணத்துக்கு நெக்ஸ்ட்கிளவுட் கணக்கு தரும் நிறுவனங்கள் பல இருக்கின்றன. சேரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது, அழித்த ஃபைலைக் குப்பைக்கூடையில் எத்தனை நாள் வைத்திருப்பார்கள், அவர்கள் தரப்பில் பேக்கப் எடுக்கிறார்களா. இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். பாட்டியின் பதிவுகள் எனக்குக் கிடைத்தது அதனால்தான்.

வீட்டிலேயே சர்வர் வைப்பது தனிக் கட்டுரைக்கான விஷயம், இங்கே ஒன்று மட்டும். பல வீட்டு இணைப்புகளில் நமக்கென்று தனி ஐபி முகவரி கிடையாது, பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருப்பார்கள், அதனால் வெளியூரிலிருந்து வீட்டு சர்வரை நேரே தொட முடியாது. ராஸ்பெரி பை வாங்குவதற்கு முன் இணைப்புக்காரரிடம் பொது ஐபி கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.

கணக்கு கிடைத்ததும் உலாவியில் உள்ளே போய் இரண்டு படி சரிபார்ப்பை இயக்கிவிடுங்கள். மென்பொருளை இணைத்த பிறகு இதைச் செய்தாலும் பரவாயில்லை, ஆனால் பிறகு என்று தள்ளினால் நம்மில் பலர் செய்வதே இல்லை.

நிறுவுதல்

மின்டில் சாஃப்ட்வேர் மேனேஜரைத் திறந்து நெக்ஸ்ட்கிளவுட் என்று தேடுங்கள். நெக்ஸ்ட்கிளவுட்-டெஸ்க்டாப் என்ற பெயரில் வரும், அதை நிறுவுங்கள். கூடவே நெமோ-நெக்ஸ்ட்கிளவுட் என்று ஒரு சின்னப் பொதி இருக்கும், அதையும் சேர்த்து நிறுவினால் ஃபைல் மேனேஜரிலேயே ஒவ்வொரு ஃபைலின் மேலும் பச்சை டிக், நீல வட்டம் என்று சிங்க் நிலை தெரியும். உபுண்டுவில் நெமோவுக்குப் பதில் நாட்டிலஸ், கேடிஇயில் டால்ஃபின், மேட் டெஸ்க்டாப்பில் காஜா. அந்தந்தப் பெயரில் பொதி இருக்கிறது.

இந்த வழியில் ஒரு குறை உண்டு. மின்டும் உபுண்டு எல்டிஎஸ்ஸும் (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு) வெளியாகும்போது நெக்ஸ்ட்கிளவுடின் எந்தப் பதிப்பு இருந்ததோ அதிலேயே பல வருடம் நிற்கும். சர்வர் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். உங்கள் கணினிப் பதிப்பு மூன்று நான்கு வருடம் பழையது என்றால் ஆப்இமேஜ், அதாவது நிறுவாமலே ஓடும் ஒற்றை ஃபைல், நல்ல வழி. நெக்ஸ்ட்கிளவுட் தளத்தின் டவுன்லோடு பக்கத்தில் லினக்ஸுக்கு அதைத்தான் தருவார்கள். இறக்கியதை டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே விட்டுவிடாமல், ஹோம் என்ற உங்கள் சொந்த ஃபோல்டருக்குள் ஆப்ஸ் என்றோ வேறு ஏதாவது பெயரிலோ ஒரு ஃபோல்டர் போட்டு அங்கே நகர்த்திவிட்டு, வலது க்ளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் பெர்மிஷன்ஸ் பகுதிக்குப் போய், நிரலாக இயக்க அனுமதிக்கும் கட்டத்தை டிக் செய்யுங்கள். இடம் ஏன் முக்கியம் என்றால், கணினி தொடங்கும்போது தானாக ஓடுவதற்கான குறிப்பில் அந்த இடம்தான் எழுதப்படும். பிறகு டவுன்லோட்ஸைச் சுத்தம் செய்யும்போது ஆப்இமேஜையும் சேர்த்து அழித்துவிட்டால், சிங்க் நின்றுபோனதே பல நாள் தெரியாது.

உபுண்டு 22.04-க்கும் அதற்குப் பிந்தைய பதிப்புகளுக்கும் இன்னொரு விஷயம். ஆப்இமேஜை இரட்டை க்ளிக் செய்தும் ஒன்றுமே நடக்கவில்லை என்றால், லிப்ஃபியூஸ்2 என்ற பொதி இல்லை என்று அர்த்தம். 24.04-இல் அதன் பெயருக்குப் பின்னால் டி64 என்று ஒட்டியிருக்கும். அதைத் தேடி நிறுவினால் திறந்துவிடும்.

எந்த வழியாக இருந்தாலும் ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாஃப்ட்வேர் மேனேஜர் வழி ஒன்று, ஆப்இமேஜ் ஒன்று, ஃப்ளாட்பேக் (இன்னொரு நிறுவல் முறை) ஒன்று என்று மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டு மூன்றும் ஒரே ஃபோல்டரை சிங்க் செய்யும் நிலைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அவிழ்க்கவே முடியாத சிக்கல் அது.

முதல் இணைப்பு: இங்கே அவசரப்படாதீர்கள்

மென்பொருளைத் திறந்தால் லாக் இன் பொத்தான் வரும். சர்வர் முகவரியைக் கேட்கும், கொடுங்கள். உலாவி திறக்கும், அங்கே உங்கள் பாஸ்வேர்டைக் கொடுத்து அனுமதி அளிக்க வேண்டும். கவனியுங்கள், பாஸ்வேர்டை நீங்கள் மென்பொருளுக்குக் கொடுக்கவே இல்லை. உலாவியில்தான் கொடுத்தீர்கள், சர்வர் இந்தக் கம்ப்யூட்டருக்கென்று தனியாக ஒரு சாவி செய்து கொடுத்திருக்கிறது. அந்தச் சாவியை மட்டும் பிறகு ரத்து செய்ய முடியும். கட்டுரையின் கடைசியில் இது தேவைப்படும்.

அனுமதி கொடுத்துவிட்டு மென்பொருளுக்குத் திரும்பினால் ஒரு திரை வரும். இந்த ஒரு திரையில்தான் முக்கியமான எல்லாமே இருக்கின்றன. சர்வரில் உள்ள எல்லாவற்றையும் கொண்டுவரவா, அல்லது தேர்ந்தெடுக்கிறாயா என்று கேட்கும். எல்லாம் என்பதுதான் முன்கூட்டியே தேர்வாகி இருக்கும். சர்வரில் 150 ஜிபி படங்கள் இருந்து, லேப்டாப்பில் 256 ஜிபி டிஸ்க்தான் என்றால், அப்படியே அடுத்தது என்று அழுத்தினால் மறுநாள் காலையில் டிஸ்க் நிறைந்திருக்கும். சூஸ் வாட் டு சிங்க் என்பதை அழுத்தி, அன்றாடம் தொடும் ஃபோல்டர்களுக்கு மட்டும் டிக் வையுங்கள். பிறகு எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம்.

இதே திரையில், லோக்கல் ஃபோல்டர் எது என்றும் கேட்கும். ஹோமுக்குள் நெக்ஸ்ட்கிளவுட் என்ற ஃபோல்டரைத் தானாகவே காட்டும். ஏற்கெனவே ஃபைல்கள் உள்ள ஃபோல்டரைக் காட்டினீர்கள் என்றால் இரண்டு வழி தரும்: உள்ளே இருப்பதை வைத்துக்கொள், அல்லது உள்ளே இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு. இரண்டாவதைத் தொடாதீர்கள். பழைய ஃபைல்களுக்கு வேறொரு பிரதி இருக்கிறது என்று கண்ணால் பார்த்து உறுதி செய்தால் தவிர.

இணைத்த பிறகு செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியில் 500 எம்பிக்கு மேற்பட்ட புது ஃபோல்டர் வந்தால் கேட்டுவிட்டு இறக்கு என்ற விருப்பம் இருக்கும். அது டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அண்ணன் ஒரு கல்யாண வீடியோ ஃபோல்டரை உங்களோடு பகிர்ந்தால், இந்த டிக் இல்லாவிட்டால், அது உங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட் வழியாகவும் இறங்கும். அங்கேயே கணினி தொடங்கும்போது தானாக ஓடு என்பதையும் டிக் செய்யுங்கள்.

எங்கே வைப்பது

ஹோமில் இடம் போதுமென்றால் அங்கேயே விடுங்கள். இரண்டாவது டிஸ்க்கில் வைக்க வேண்டுமென்றால் டிஸ்க்ஸ் என்ற கருவியைத் திறந்து, அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, மவுண்ட் ஆப்ஷன்ஸில் கணினி தொடங்கும்போதே இணையும்படி வைத்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் ஃபைல் மேனேஜரில் அதைக் க்ளிக் செய்யும் வரை அந்த டிஸ்க் இருக்காது, மென்பொருளோ தொடக்கத்திலேயே அதைத் தேடும்.

இதில் ஒரு நுணுக்கம். டிஸ்க்கின் வாசலையே, அதாவது டிஸ்க் வந்து இணையும் ஃபோல்டரையே, சிங்க் ஃபோல்டராகக் கொடுக்காதீர்கள், அதற்குள் ஒரு ஃபோல்டர் செய்து அதைக் கொடுங்கள். டிஸ்க் இணையாத நாளில் வாசல் வெற்று ஃபோல்டராக அங்கேயே நிற்கும். மென்பொருள் அதைப் பார்த்து, ஒன்றுமே இல்லையே என்று எல்லாவற்றையும் மறுபடி இறக்கி உங்கள் முதன்மை டிஸ்க்கை நிரப்பலாம். உள்ஃபோல்டர் என்றால் ஃபோல்டரே இல்லை என்று சொல்லி நின்றுவிடும். நிற்பது நல்லது.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே லேப்டாப்பில் வைத்திருப்பவர்கள், இரண்டுக்கும் பொதுவாக ஒரு என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் டிஸ்க் வடிவம்) பகுதியில் சிங்க் ஃபோல்டரை வைத்து இரண்டு பக்கமும் மென்பொருளை ஓடவிட ஆசைப்படுவார்கள். வேண்டாம். விண்டோஸ் வேகத் தொடக்கத்தில் மூடியிருந்தால் லினக்ஸில் அந்தப் பகுதி படிக்க மட்டுமே திறக்கும், பாதி மாற்றம் எழுதப்படாமல் நிற்கும். லினக்ஸ் பக்கம் எக்ஸ்ட்4-இல் தனி ஃபோல்டர், விண்டோஸ் பக்கம் தனி ஃபோல்டர், இதுதான் நிம்மதி.

டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர் ஏற்கெனவே இருக்கிறது, அதை நகர்த்த மனமில்லை என்றால் நெக்ஸ்ட்கிளவுட் ஃபோல்டருக்குள் அதற்கு ஒரு குறுக்கு இணைப்பு (சிம்லிங்க்) போட்டுப் பார்ப்பீர்கள். பலன் இருக்காது, மென்பொருள் சிம்லிங்க்குகளைப் பின்தொடராது. அதற்குச் செட்டிங்ஸில் ஆட் ஃபோல்டர் சிங்க் கனெக்‌ஷன் என்று தனி வழி இருக்கிறது. டாக்குமெண்ட்ஸை நேரடியாகச் சர்வரின் ஒரு ஃபோல்டரோடு இணைத்துவிடலாம்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு

வேறு வழிகாட்டிகளில் இது வருவதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எக்ஸ்ட்4-இல் ஒரு ஃபைல் பெயர் அதிகபட்சம் 255 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், ஆக 255 எழுத்து. தமிழில் ஒவ்வொரு யுனிகோட் குறிக்கும் 3 பைட். குறி என்றால் நாம் பார்க்கும் எழுத்து அல்ல: தமிழ் என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறி, 15 பைட். ஆகவே ஒரு பெயரில் 85 குறிதான் கொள்ளும், கண்ணால் பார்க்கும் எழுத்தாகச் சொன்னால் ஏறக்குறைய ஐம்பது. கட்டுரைத் தலைப்பை முழுசாக ஃபைல் பெயராக வைக்கும் வழக்கம் உள்ளவர்கள் எளிதில் இந்த எல்லையைத் தொட்டுவிடுவார்கள். ஹோமை ஈகிரிப்ட்எஃப்எஸ் முறையில் பூட்டியிருந்தால் எல்லை 143 பைட், அதாவது 47 குறி. ஒரு ஃபைல் மட்டும் சிவப்பாகவே நின்றால் முதலில் பெயரின் நீளத்தைப் பாருங்கள். முரண்பாடு வந்தால் (இதைப் பின்னால் சொல்கிறேன்) மென்பொருள் பெயரின் பின்னால் சுமார் 35 பைட் வேறு ஒட்டும், அதற்கும் இடம் விடுங்கள்.

அடுத்தது ஒகரம். கொடி என்ற சொல்லில் உள்ள ஒகரக் குறியை யுனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. லினக்ஸ் டிஸ்க்குக்கோ அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றித் தரும் சில கருவிகள் இரண்டு குறி வடிவத்தைத் தருகின்றன, பழைய மேக் டிஸ்க்குகளும் பெயரைப் பிரித்து வைப்பவை. ஒரே பெயரில் இரண்டு ஃபைல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது, ஒன்று சிங்க் ஆகிறது மற்றது ஆகவில்லை என்றால், பெயரை அழித்துவிட்டு விசைப்பலகையில் புதிதாகத் தட்டிப் பாருங்கள். ஔவையார் என்று ஔகாரத்தில் எழுதுவதற்குப் பதில் ஒகரமும் ளகரமும் சேர்த்து எழுதும் பழக்கமும் நம்மிடம் பரவலாக உண்டு. அது வேறு எழுத்து, வேறு பெயர், தேடினாலும் கிடைக்காது.

லினக்ஸ் அனுமதிக்கும் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, இரட்டை மேற்கோள் ஆகியவற்றை விண்டோஸ் ஃபைல் பெயரில் ஏற்காது. வீட்டில் ஒரே ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர் இருந்தாலும் இந்தக் குறிகளை விட்டுவிடுங்கள்.

அடையாளச் சின்னமும் சாவிக்கொத்தும்

மின்டில் கீழே வலதுபக்கம் சின்னம் வந்துவிடும். உபுண்டுவிலும் வரும். ஃபெடோராவின் ஜினோமில் வராது, ஏனென்றால் ஜினோம் அந்த இடத்தையே எடுத்துவிட்டது. ஆப்இண்டிகேட்டர் என்ற நீட்சியை நிறுவ வேண்டும். சின்னம் தெரியாமல் இதைப் பயன்படுத்தாதீர்கள். அதில் சிவப்பு வரும்போதுதான் ஏதோ நின்றுவிட்டது என்று நமக்குத் தெரியும்.

ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் கீரிங் (சாவிக்கொத்து) பாஸ்வேர்டு கேட்கிறது என்ற புலம்பலை அடிக்கடி கேட்கிறேன். சர்வர் தந்த சாவியை மென்பொருள் கணினியின் சாவிக்கொத்தில் வைக்கிறது. நீங்கள் பாஸ்வேர்டு தட்டி உள்ளே நுழைந்தால் அதே பாஸ்வேர்டில் சாவிக்கொத்தும் திறந்துவிடும். தானாக நுழையும்படி வைத்திருந்தால் சாவிக்கொத்தைத் திறக்க யாருமில்லை, அதனால் கேட்கிறது. தானாக நுழைவதை நிறுத்துங்கள், கேள்வியும் நின்றுவிடும். கேடிஇயில் கேவாலட், கதை அதேதான்.

எதைப் போடக்கூடாது

வர்ச்சுவல் மெஷின் டிஸ்க்குகள், தண்டர்பேர்டு அஞ்சல் ஃபோல்டர், ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ், நிரல் எழுதுபவர்களின் கிட் களஞ்சியங்கள். இவை எல்லாம் பின்னணியில் ஓயாமல் மாறிக்கொண்டே இருப்பவை, பாதி எழுதிய நிலையில் மேலே போனால் மற்ற கம்ப்யூட்டரில் உடைந்த பிரதிதான் இறங்கும். கிட் களஞ்சியத்துக்குக் கிட் சர்வர் இருக்கிறது, அங்கே வையுங்கள்.

சில வகை ஃபைல்களை மட்டும் விலக்க, செட்டிங்ஸில் எடிட் இக்னோர்டு ஃபைல்ஸ் என்ற இடம் உண்டு. லிப்ரேஆஃபிஸ் திறந்திருக்கும்போது உருவாக்கும் பூட்டு ஃபைல்கள் போன்றவை ஏற்கெனவே அந்தப் பட்டியலில் இருக்கும்.

நெட்டை மொத்தமாக விழுங்குகிறது என்றால் நெட்வொர்க் பகுதியில் அப்லோடு வேகத்துக்கு எல்லை வையுங்கள். முதல் அப்லோடு பெரிதாக இருக்கும், அதை இரவில் எல்லை இல்லாமல் விட்டுவிட்டு, முடிந்ததும் பகலுக்கான எல்லையைப் போடுவது என் வழக்கம்.

முரண்பட்ட பிரதி

ரயிலில் நெட் இல்லாமல் ஒரு கட்டுரையைத் திருத்துகிறீர்கள், அதே ஃபைலை வீட்டில் மனைவியும் திருத்துகிறார். ரயில் இறங்கி நெட் வந்ததும் என்ன நடக்கும்? மென்பொருள் எதையும் அழிக்காது. சர்வரில் உள்ள பிரதி, அதாவது வீட்டில் திருத்தியது, அசல் பெயரில் இறங்கும். உங்களுடையது கான்ஃப்ளிக்டட் காப்பி என்ற சொல்லும் தேதியும் நேரமும் சேர்ந்த புதுப் பெயரோடு பக்கத்தில் நிற்கும்.

அந்த முரண்பட்ட பிரதி உங்கள் கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கும், சர்வருக்குப் போகாது. அது மேலே பத்திரமாக இருக்கிறது என்று நினைத்து லேப்டாப்பை ஃபார்மட் செய்தால் ரயிலில் செய்த வேலை போய்விடும். எனவே கண்ணில் பட்ட அன்றே இரண்டையும் திறந்து ஒப்பிடுங்கள். லிப்ரேஆஃபிஸில் எடிட் மெனுவில் ஆவணங்களை ஒப்பிடும் வசதி இருக்கிறது. வேண்டியதை அசலில் சேர்த்துவிட்டு மற்றதை அழியுங்கள். வாரம் ஒருமுறை ஃபைல் மேனேஜரில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்ப்பதும் நல்ல பழக்கம்.

இடம் ஒழிப்பது எப்படி

நான் செய்த தவறு இங்கேதான். லேப்டாப்பில் மட்டும் ஒரு ஃபோல்டர் வேண்டாமென்றால் டெலிட் செய்யக்கூடாது. செட்டிங்ஸில் அந்தக் கணக்கின் கீழ் ஃபோல்டர் பட்டியலை விரித்து, அதன் டிக்கை எடுத்துவிட்டு அப்ளை கொடுங்கள். லேப்டாப்பிலிருந்து மட்டும் போகும், சர்வரிலும் மற்ற கம்ப்யூட்டர்களிலும் அப்படியே இருக்கும். டிக் எடுப்பதற்கு முன் அந்த ஃபோல்டர் பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள், இன்னும் மேலே ஏறாத ஃபைல் உள்ளே இருக்கலாம்.

விண்டோஸில் பெயர் மட்டும் தெரிந்து, தொட்டதும் இறங்கும் மெய்நிகர் ஃபைல் வசதி உண்டு. லினக்ஸில் அது இன்னும் சோதனை நிலையில்தான், முக்கியமானவற்றுக்கு நான் அதை நம்புவதில்லை.

தவறி அழித்துவிட்டால் உலாவியில் சர்வருக்குள் போய் டெலிட்டட் ஃபைல்ஸ் பகுதியைப் பாருங்கள். நிர்வாகி எதுவும் மாற்றாவிட்டால் 30 நாள் வரை வைத்திருக்கும், அதற்குப் பின் இடம் தேவைப்படும்போது நீக்கும். ஃபைல் இருக்கிறது, உள்ளே எழுதியதுதான் கெட்டுவிட்டது என்றால் அதன் பக்கத்திலேயே வெர்ஷன்ஸ் இருக்கும். முதல் ஒரு நாளுக்கு மணிக்கு ஒன்று, 30 நாள் வரை நாளுக்கு ஒன்று, அதற்கும் முந்தையதற்கு வாரத்துக்கு ஒன்று என்று பழசாகப் பழசாக இடைவெளி கூட்டி வைத்திருக்கும்.

இதையெல்லாம் பேக்கப் என்று எண்ண வேண்டாம். 31-ஆவது நாள் நினைவு வந்தால்? கணக்கே பூட்டப்பட்டால்? உபுண்டுவில் டேஜா டப் என்ற கருவி இருக்கிறது, மின்டிலும் நிறுவலாம். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாரம் ஒருமுறை செருகி, சிங்க் ஃபோல்டரை அதில் ஒரு பிரதி எடுங்கள். எல்லா ஃபோல்டருக்கும் டிக் உள்ள கம்ப்யூட்டரில் இதைச் செய்ய வேண்டும், என் வீட்டில் அது டெஸ்க்டாப். மின்டோடு வரும் டைம்ஷிஃப்ட் இதற்கு உதவாது. அது கணினி அமைப்புக்கானது, ஹோமில் உள்ள ஃபைல்களை வழக்கமாகத் தொடாது.

நின்றுவிட்டால்

முதலில் டிஸ்க்கில் இடம், பிறகு சர்வரில் இடம், பிறகு கணினியின் தேதியும் நேரமும். நேரம் தப்பாக இருந்தால் பாதுகாப்பான இணைப்பே கிடைக்காது, பழைய லேப்டாப்பில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்தால் இப்படி ஆகும். அடுத்து, ஆக்டிவிட்டி பட்டியலில் எந்த ஃபைல் சிவப்பு என்று பாருங்கள், பெரும்பாலும் பெயர்ச் சிக்கல் அல்லது அனுமதிச் சிக்கல். செட்டிங்ஸ் ஜன்னலில் எஃப்12 அழுத்தினால் பதிவேடு திறக்கும், உதவி கேட்கும்போது அந்தக் கடைசி வரிகளைக் கொடுத்தால் பதில் சொல்பவருக்கு வேலை பாதி.

எதுவும் பலிக்காவிட்டால் மென்பொருளை மூடிவிட்டு, சிங்க் ஃபோல்டருக்குள் கண்ட்ரோல்-ஹெச் அழுத்துங்கள். புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபைல்களில் சிங்க் என்று ஆரம்பித்து டிபி என்று முடியும் ஒன்று இருக்கும். அதுதான் மென்பொருளின் நினைவேடு. அதை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டுத் திரும்பத் திறந்தால் இரண்டு பக்கத்தையும் முதலிலிருந்து ஒப்பிடும். நேரம் பிடிக்கும், முன்பு ஒரு பக்கம் அழித்த ஃபைல்கள் மறுபடி தலைகாட்டவும் செய்யலாம். அதனால் இது கடைசி மருந்து.

கம்ப்யூட்டரைப் பிரிப்பது

லேப்டாப்பை யாருக்காவது கொடுக்கும் நாளில் வரிசை இதுதான். சின்னம் பச்சையாகும் வரை காத்திருங்கள். முரண்பட்ட பிரதிகள் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். செட்டிங்ஸில் கணக்கை நீக்குங்கள். இதில் ஃபைல்கள் அழியாது, அந்த ஃபோல்டர் சாதாரண ஃபோல்டராகிவிடும். மென்பொருளை நீக்குவது மட்டும் போதாது. பிறகு உலாவியில் உங்கள் கணக்கின் செக்யூரிட்டி பக்கத்துக்குப் போய், சாதனங்கள் பட்டியலில் இந்த லேப்டாப்பின் சாவியை ரத்து செய்யுங்கள். வேறு கம்ப்யூட்டரில் ஒன்றிரண்டு முக்கியமான ஃபைலைத் திறந்து பார்த்து எல்லாம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான், இங்கே அந்த ஃபோல்டரை அழியுங்கள். சிங்க் அறுந்துவிட்டதால் இந்த அழிப்பு வேறெங்கும் போகாது.

லேப்டாப் தொலைந்தோ திருடுபோயோவிட்டால் அதே சாதனப் பட்டியலில் சாதனத்தைத் துடைக்கும் கட்டளை இருக்கிறது, நெக்ஸ்ட்கிளவுட் 17-இலிருந்து வந்த வசதி. அந்த லேப்டாப் அடுத்த முறை இணையத்தில் சேரும்போது மென்பொருள் அந்தக் கணக்கின் ஃபைல்களை அங்கே அழித்துவிடும், சர்வரில் உள்ளவற்றைத் தொடாது.

தம்பியிடம் போன லேப்டாப்பில் இப்போது அவனுக்கென்று தனிக் கணக்கு. பாட்டியின் பதிவுகள் ஃபோல்டரை அவனோடு பகிர்ந்திருக்கிறேன், படிக்க மட்டும் அனுமதி கொடுத்து. திருத்தவோ அழிக்கவோ அவன் பக்கத்திலிருந்து முடியாது, கேட்கலாம்.